குன்னூரின் ஞாயிறு உளவியல் வகுப்பு: பயத்தை நன்றாகக் கற்பிக்கிறார்கள், ஆளுமையில் தடுமாறுகிறார்கள்

குன்னூர் பெட்போர்டு பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில், ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்குமாகத் தமிழிலேயே நடத்தப்படும் உளவியல் அடிப்படை வகுப்பைப் பற்றியது இக்கட்டுரை. மொத்தம் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள், காலை 10 மணி முதல் பிற்பகல் 1 மணி வரை வகுப்பு நடக்கிறது. கட்டணம் 1,500 ரூபாய். தோட்டத் தொழிலாளர்களுக்கு 300 ரூபாய். முதல் இரண்டு வாரங்கள் கற்றல் கொள்கைகள், மூன்றாம் வாரம் ஆளுமை, கடைசி இரண்டு வாரங்கள் பதற்றமும் அதைச் சமாளிக்கும் வழிகளும் என்று பாடத்தைப் பிரித்திருக்கிறார்கள். நிறைகளோடு குறைகளையும் விரிவாகச் சொல்லப்போவதால் நடத்துபவர்களின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இத்தகைய வகுப்புகள் மலையில் இப்போது ஆங்காங்கே தொடங்கப்படுவதால், எதில் சேர எண்ணுபவருக்கும் எதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சேர வேண்டும் என்பதற்கு இது பயன்படக்கூடும்.

என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயம் என்பது பெரும்பாலும் கற்றுக்கொண்ட ஒன்று, ஆகவே அதை வேறு விதமாக மீண்டும் கற்றுக்கொள்ளவும் முடியும் என்ற கருத்தை, ஆய்வு வரலாற்றோடும் மலைவாழ்க்கையின் எடுத்துக்காட்டுகளோடும் இவ்வளவு தெளிவாகத் தமிழில் விளக்கிய வேறொரு வகுப்பை நான் கண்டதில்லை. ஆனால் நடுவில் வரும் ஆளுமை வாரம் அந்தக் கருத்துக்கே எதிராகப் போகிறது. முதல் இரண்டு வாரங்களில் ‘மாற முடியும்’ என்று கற்றவர்களை, மூன்றாம் வாரத்தில் ‘நீங்கள் இப்படிப்பட்டவர்’ என்ற ஒரு சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

கற்றல் பகுதியையும் பதற்றப் பகுதியையும் எடுப்பவர், கல்லூரியில் நீண்டகாலம் உளவியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார். கரும்பலகையும் சுண்ணக்கட்டியுமே அவருடைய கருவிகள். பாவ்லோவின் நாயை அறியாத பி.எட். மாணவர் இருக்க முடியாது என்றாலும், மணியடித்தால் எச்சில் ஊறும் என்ற ஒற்றை வரியோடு அதை முடித்துவிடுவதே நம் வழிகாட்டி நூல்களின் வழக்கம். இவர் அப்படிச் செய்யவில்லை. இவான் பாவ்லோவ் உளவியலாளர் அல்லர், உடலியங்கியல் அறிஞர் என்பதிலிருந்து தொடங்கினார். 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமானம் பற்றிய ஆய்வுக்காக. உணவு வாய்க்கு வரும் முன்பே, உணவு கொண்டுவரும் பணியாளரைக் கண்டதுமே நாய்களுக்கு எச்சில் சுரந்தது அவருடைய அளவீடுகளுக்கு இடையூறாக இருந்தது. அந்த இடையூறையே அவர் ஆராயத் தொடங்கியதன் விளைவுதான் நாம் ஆக்கநிலையிறுத்தம் என்று படிக்கும் கொள்கை. படங்களில் நாம் பார்க்கும் மணியைவிட, சீரான இடைவெளியில் ஒலியெழுப்பும் மெட்ரோனோம் போன்ற கருவிகளையே ஆய்வுக்கூடத்தில் அவர் பெரிதும் பயன்படுத்தினார் என்பதையும் சொன்னார்.

இதற்கடுத்து அவர் நின்று நிதானித்து விளக்கிய பகுதிதான் ஐந்து வாரங்களுக்கும் அடித்தளம். உணவு தராமல் ஒலியை மட்டும் தொடர்ந்து எழுப்பினால் எச்சில் சுரப்பது படிப்படியாகக் குறைந்து நின்றுவிடும். ஆனால் நாயைச் சிறிது காலம் ஓய்வில் விட்டு மீண்டும் அதே ஒலியை எழுப்பினால், நின்றுபோன சுரப்பு ஓரளவு தானாகவே திரும்பி வரும். அப்படியானால் பழைய கற்றல் அழிந்துபோகவில்லை, அதன்மேல் புதிய கற்றல் ஒன்று படிந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். பயத்திலிருந்து விடுபட்ட ஒருவருக்குச் சில மாதங்கள் கழித்து அதே பயம் தலைகாட்டினால் முன்பு செய்ததெல்லாம் வீணாகிவிட்டது என்று அவர் மனம் உடைய வேண்டியதில்லை என்பதற்கு, நூறாண்டுக்கு முந்தைய இந்த ஆய்வே போதுமான காரணம் தருகிறது. இதைப் பாடநூலில் பரீட்சைக்காகப் படித்திருக்கிறேன். பதற்றத்தால் வருந்தும் ஒருவருக்கு ஆறுதலாகச் சொல்லத்தக்க செய்தி அது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

1920இல் ஜான் வாட்சனும் ரோசலி ரெய்னரும் ‘ஆல்பர்ட்’ என்று பெயரிட்ட கைக்குழந்தையிடம் செய்த சோதனையையும், 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் வெளியிட்ட பீட்டரின் கதையையும் அடுத்தடுத்து வைத்துக் கற்பித்தது மிகச் சரியான முடிவு. முதல் சோதனையில், வெள்ளை எலியைக் கண்டு சற்றும் அஞ்சாமல் தொட்டு விளையாடிய குழந்தைக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்துப் பேரொலி எழுப்பினார்கள். விரைவிலேயே ஒலியில்லாமல் எலியைக் கண்டாலே குழந்தை அழுதது. முயலையும் நாயையும் மென்மயிர் ஆடையையும் கண்டுகூட அஞ்சியது. அந்தப் பயத்தைப் போக்க அவர்கள் எதுவும் செய்யவில்லை. இன்று எந்த ஆய்வு நெறிக்குழுவும் இதற்கு அனுமதி தராது என்பதை அம்மையார் அழுத்திச் சொன்னார். இரண்டாவதில், முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவன் விருப்பமான உணவை உண்ணும்போது கூண்டிலிருந்த முயலை அறையின் தொலைவிலிருந்து சிறிது சிறிதாக நெருக்கிக் கொண்டுவந்தார் ஜோன்ஸ். முயலுக்கு அஞ்சாத பிள்ளைகளையும் அவனோடு விளையாட விட்டார். இறுதியில் பீட்டர் முயலைத் தடவிக்கொடுத்தான். பயம் கற்றுக்கொள்ளப்படுவதை முதல் சோதனை காட்டியது என்றால், அது மாற்றிக் கற்பிக்கப்படக்கூடியது என்பதைக் காட்டியது இரண்டாவது. நம் ஆசிரியர் தேர்வு நூல்களில் முதலாவதற்குப் பக்கம் ஒதுக்கும் அளவுக்கு இரண்டாவதற்கு ஒதுக்குவதில்லை என்பது எனக்கு நீண்டநாள் வருத்தம்.

இந்த இடத்தில் வகுப்பிலிருந்த ஒருவர், இரவில் தகரக் கூரையில் மழை வலுத்தால் இன்றும் தமக்கு நெஞ்சு படபடக்கிறது என்று சொன்னார். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் நிலச்சரிவுகளால் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மலையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவர் அப்போது சிறுவர். அம்மையார் அவரை மேற்கொண்டு பேசும்படி வற்புறுத்தவில்லை. மழையின் ஒலி ஏன் அந்த இரவின் முழுப் பயத்தையும் சுமந்து வருகிறது என்பதைப் பாவ்லோவின் சொற்களிலேயே அமைதியாக விளக்கிவிட்டு, விரும்பினால் பிறகு தனியே பேசலாம் என்றார். ஒரு பயிற்சி வகுப்பு மருத்துவமனை ஆகிவிடக் கூடாது என்ற கவனம் அதில் இருந்தது. இந்தக் கவனத்துக்காகவே இவ்வகுப்பை மதிக்கிறேன்.

இரண்டாம் வாரம் தார்ண்டைக், ஸ்கின்னர். புதிர்ப்பெட்டிக்குள் அடைபட்ட பூனைகளைக் கொண்டு 1898இல் தார்ண்டைக் வெளியிட்ட முயன்று தவறிக் கற்றல் ஆய்வு அரைமணி நேரத்தில் முடிந்தது, அது போதும். ஒரு செயல் அதன் விளைவைப் பொறுத்து வலுப்பெறும் அல்லது குறையும் என்ற ஸ்கின்னரின் கொள்கையில்தான் நேரம் செலவிட்டார்கள். எதிர் வலுவூட்டலையும் தண்டனையையும் குழப்பிக்கொள்ளாத ஆசிரியர்களைக் காண்பது அரிது. விரும்பத்தகாத ஒன்று நீங்குவதால் ஒரு செயல் வலுப்பெற்றால் அது எதிர் வலுவூட்டல். ஒரு செயலைக் குறைப்பதற்காகத் தரப்படுவது தண்டனை. இந்த வேறுபாட்டுக்கு அவர் எடுத்துக்கொண்டது அட்டைக்கடி. கூடலூர்ப் பக்கத்தில் மழைக்காலத்தில் காலில் அட்டை ஏறியதும் உப்பைத் தடவினால் அது சுருண்டு விழுந்துவிடுகிறது, தொல்லை நீங்குகிறது. அடுத்த முறை காட்டோரம் போகும்போது உப்புப் பொட்டலத்தை மறக்காமல் மடியில் கட்டிக்கொள்கிறோம். யாரும் நமக்குப் பரிசு தரவில்லை, யாரும் தண்டிக்கவுமில்லை, ஆனாலும் ஒரு பழக்கம் உறுதிப்பட்டுவிட்டது. வகுப்பில் பின்வரிசை வரை எல்லோர் முகத்திலும் தெளிவு தெரிந்தது. கிலோ கணக்கில் கூலி பெறும் கொழுந்து பறிப்பை, இத்தனை செயலுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு வழங்கும் வலுவூட்டல் முறைக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னபோது, கொழுந்து பறிக்கும் பெண்களே, பச்சைக்கொழுந்து குறைவாக இருக்கும் பனிக்காலத்தில் அந்தக் கணக்கு எப்படித் தங்களைச் சோர்வடையச் செய்கிறது என்று எடுத்துச் சொல்லிப் பாடத்தை வளர்த்தார்கள்.

பண்டூராவின் 1961ஆம் ஆண்டு பொம்மைச் சோதனையைச் சரியாகவே சொன்னார்கள். பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் அதேபோல் அடித்தார்கள் என்பதோடு நிறுத்தாமல், அடித்தவர் தண்டிக்கப்படுவதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள், ஆனால் செய்து காட்டினால் பரிசு என்று சொன்னதும் அவர்களும் அதையே செய்து காட்டினார்கள் என்ற 1965ஆம் ஆண்டுத் தொடர் ஆய்வையும் சேர்த்துக்கொண்டார்கள். கற்றுக்கொள்வது வேறு, கற்றதைச் செய்வது வேறு என்பது அதனால் விளங்கியது. கற்றல் ஆய்வுகளில் புகழ்பெற்ற கோஹ்லரின் சிம்பன்சிகளும் டோல்மனின் எலிகளும் பெயரளவில் வந்துபோயின. குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜேயும் வைகாட்ஸ்கியும் வரவேயில்லை. ஆசிரியர்களை அழைத்து நடத்தும் ஒரு வகுப்பில், பிள்ளை தனியாகச் செய்யக்கூடியதற்கும் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடையிலுள்ள பரப்பில்தான் கற்பித்தல் நிகழ வேண்டும் என்ற வைகாட்ஸ்கியின் கருத்து இல்லாமல் போனது பெரிய குறை. பிள்ளைகளின் பதற்றத்தைப் பேசும்போதும் அது தேவைப்பட்டிருக்கும். தன்னால் எட்டவே முடியாத கணக்கை முன்னால் வைத்துத் தனியே விடப்பட்ட பிள்ளைதான் வகுப்பறையில் முதலில் பயம் கற்றுக்கொள்கிறது.

இனி மூன்றாம் வாரம். இதற்கு வேறொரு பயிற்றுநர், நிறுவனங்களில் பயிற்சி அளித்துப் பழக்கப்பட்டவர், வருகிறார். ஃப்ராய்டின் மூன்றடுக்கு மனத்தையும் தன்னுள் ஒடுங்கும் அகமுகம், பிறரை நாடும் புறமுகம் என்ற யுங்கின் பிரிவையும் விரைவாகச் சொல்லிவிட்டு, வினாத்தாள் ஒன்றைக் கொடுத்தார். அதை நிரப்பியதும் ஒவ்வொருவருக்கும் நான்கு நிறங்களில் ஒன்று. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பக்க விளக்கம். ‘உங்களுக்கு அன்பும் பாராட்டும் தேவைப்படுகின்றன, ஆனால் உங்களை நீங்களே குறைத்து மதிப்பிடுகிறீர்கள்’ என்ற வகையில் எழுதப்பட்டிருந்த வாசகங்களைப் படித்து, அப்படியே தன்னை எழுதிவைத்திருப்பதாகப் பலரும் வியந்தார்கள்.

அந்த வியப்புக்குக் காரணம் என்ன என்பது 1948இலேயே தெரிந்துவிட்டது. பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர் தம் மாணவர்களுக்கு ஆளுமைச் சோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியது என்று சொல்லி ஒரு விளக்கத்தைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் எல்லோருக்கும் தரப்பட்டது ஒரே விளக்கம், அதுவும் கடையில் வாங்கிய சோதிட நூலிலிருந்து தொகுத்தது என்பதை வெளிப்படுத்தினார். யாருக்கும் பொருந்தும் வாசகம் ஒவ்வொருவருக்கும் தனக்கென்றே எழுதியதாகத் தோன்றும். ஆளுமை பற்றிய வகுப்பு முதலில் கற்பிக்க வேண்டியதே இதைத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கற்பிப்பதற்குப் பதிலாக, அதே சோதனையை எங்கள்மீது நிகழ்த்தி, முடிவை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

ஆளுமை ஆராய்ச்சி இன்று நிற்கும் இடம் வேறு. கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஓட்பர்ட்டும் 1936இல் ஆங்கில அகராதியிலிருந்து மனிதர்களை விவரிக்கும் ஏறத்தாழ 18,000 சொற்களைத் திரட்டினார்கள். அதிலிருந்து தொடங்கிய நெடிய வேலை, ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் வகுத்த 16 காரணிகள் வழியாக வந்து, பின்னாளில் ஐந்து பெரும் பண்புகளாகத் திரண்டது. புதியவற்றில் நாட்டம், பொறுப்போடு ஒழுங்காகச் செய்தல், பிறரோடு கலந்து பழகும் ஊக்கம், இணங்கிப்போகும் இயல்பு, எளிதில் கலங்கும் தன்மை என்று அவற்றைச் சொல்லலாம். இவை பெட்டிகள் அல்ல, அளவுகோல்கள். உயரத்தைப் போலவே பெரும்பாலோர் நடுப்பகுதியில்தான் இருப்பார்கள். இரு முனைகளிலும் இருப்பவர்கள் சிலரே. நடுவில் கோடு கிழித்து இந்தப் பக்கம் அகமுகம், அந்தப் பக்கம் புறமுகம் என்றால், கோட்டுக்கு அருகே இருப்பவர் இன்று ஒன்றாகவும் அடுத்த மாதம் வேறாகவும் வருவது தவிர்க்க முடியாதது. வகைபிரிக்கும் சோதனைகளில் மறுமுறை எழுதும்போது பலருக்கும் வகை மாறிவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1968இல் வால்ட்டர் மிஷெல் இன்னொரு பெரிய கேள்வியை எழுப்பினார். ஆளுமைச் சோதனையின் மதிப்பெண்ணுக்கும் குறிப்பிட்ட ஒரு சூழலில் அந்த மனிதர் நடந்துகொள்வதற்கும் உள்ள தொடர்பு, முழுமையான பொருத்தத்தை 1 என்று கொண்டால், பெரும்பாலும் 0.30 அளவைத் தாண்டுவதில்லை என்று அவர் காட்டினார். பல சூழல்களைச் சேர்த்துச் சராசரி பார்த்தால் பண்புகள் கூடுதலாக வெளிப்படும் என்று பின்வந்தவர்கள் பதிலளித்தார்கள். இந்த விவாதத்தில் ஒரு மணி நேரம் செலவிட்டிருந்தால் அந்த வாரம் பயனுள்ளதாகியிருக்கும்.

நிறங்களால் நடந்த தீங்கு கண்முன்னே தெரிந்தது. என் அருகில் அமர்ந்திருந்த இளம் ஆசிரியை, பெற்றோர் கூட்டத்தில் பேச நேரும்போதெல்லாம் நாக்கு ஒட்டிக்கொள்வதைப் பற்றி முதல் வாரத்தில் சொல்லியிருந்தார். சிறிய குழுவில் பேசிப் பழகலாம் என்று திட்டமும் போட்டிருந்தார். அவருக்கு நீல நிறம் வந்தது. நீலம் என்றால் ஒதுங்கியிருந்து சிந்திப்பவர்களாம். “அதான் சார், நம்ம டைப்பே இதுதான்போல” என்று சொல்லித் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதிதான் எனக்குக் கவலை அளித்தது, ஏனென்றால் தவிர்ப்பதால் கிடைக்கும் நிம்மதியே தவிர்த்தலை வளர்க்கிறது என்பதை முந்தைய வாரம்தான் ஸ்கின்னர் வழியாகப் படித்திருந்தோம்.

ஆளுமைக்கும் பதற்றத்துக்கும் இடையில் ஒரு நல்ல பாலம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. 1970இல் சார்லஸ் ஸ்பீல்பெர்கரும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட அளவீட்டு முறை, இந்த நேரத்தில் ஒருவர் உணரும் பதற்றம், எப்போதும் எளிதில் பதற்றமடையும் இயல்பு என்று இரண்டைத் தனித்தனியே அளக்கிறது. இயல்பிலேயே எளிதில் கலங்குபவர் உண்டு. அவரும் குறிப்பிட்ட ஒரு பயத்தைக் கடக்கக் கற்றுக்கொள்ளலாம், அதற்குச் சற்றுக் கூடுதல் காலமும் துணையும் வேண்டியிருக்கும் என்ற உண்மையை அதன்மூலம் மென்மையாகச் சொல்லியிருக்கலாம். அந்த ஆசிரியைக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு வாக்கியமே.

நான்காம் வாரம் அம்மையார் திரும்பி வந்ததும் வகுப்பு பழைய தரத்துக்கு மீண்டது. ஓ. எச். மௌரர் 1947இல் முன்வைத்த இருகாரணிக் கொள்கையைக் கரும்பலகையில் இரண்டே கோடுகளில் வரைந்தார்: பயம் பாவ்லோவின் வழியில் ஒட்டிக்கொள்கிறது; அதைவிட்டு விலகும்போது கிடைக்கும் ஆறுதலால், ஸ்கின்னரின் வழியில், நிலைத்துவிடுகிறது. கொழுந்து பறிக்கும் ஒரு பெண் எழுந்து, “அப்படீன்னா டீச்சர், பயத்த விட்டு ஓட ஓடத்தானுங்க பயம் பெருசாகுது?” என்று கேட்டார். ஐந்து வாரத்தில் யாரும் பாடத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணின் சிக்கலையே, அவருடைய சம்மதத்தோடு, பாடமாக எடுத்துக்கொண்டார்கள். மலையிறங்கும் பேருந்தில் ஒருமுறை மூச்சடைத்து மயங்கி விழுந்ததிலிருந்து அவர் மேட்டுப்பாளையம் பக்கம் போவதையே விட்டுவிட்டார். கோவையில் இருக்கும் மகளையும் பேரனையும் அவர்கள் வந்தால்தான் பார்க்கிறார். ஜோசப் வோல்ப்பே 1958இல் எழுதிய முறைப்படி, குறைந்த பயத்திலிருந்து மிகுந்த பயம் வரை ஓர் ஏணி அமைக்கப்பட்டது. பயத்தின் அளவைப் பூச்சியத்திலிருந்து நூறுவரை ஓர் எண்ணால் சொல்லவைப்பதும் வோல்ப்பே பயன்படுத்திய வழிதான். குன்னூர் பேருந்து நிலையத்தில் புறப்படாமல் நிற்கும் பேருந்தில் ஏறி அமர்வது 20. வெலிங்டன் வரை போய்வருவது 30. காட்டேரி வரை இறங்குவது 50. பர்லியாறு வரை 75. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேட்டுப்பாளையத்தில் இறங்குவது 100. ஒவ்வொரு படியிலும் பயம் ஏறி, உச்சம் தொட்டு, தானாகக் குறையும்வரை அங்கேயே இருக்க வேண்டும்; நடுவழியில் இறங்கித் திரும்பினால் இறங்கியதால்தான் பிழைத்தேன் என்று மனம் கற்றுக்கொள்ளும்.

அப்போது அவர், வழக்கமாகக் கையில் எலுமிச்சம்பழம் வைத்து முகர்ந்துகொண்டே போகலாமா என்று கேட்டார். மலைப்பேருந்தில் எலுமிச்சம்பழம் இல்லாத கைப்பை குறைவு. அம்மையாரின் பதில் என்னை மிகவும் கவர்ந்தது. குமட்டலுக்கு என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். பயத்துக்கு என்றால் முதல் சில முறை வைத்துக்கொண்டு, பிறகு பையிலேயே விட்டு, அதன்பின் பழமில்லாமலே ஏற வேண்டும், இல்லாவிட்டால் தைரியமாகப் பயணம் செய்ததன் பெருமை முழுவதும் பழத்துக்குப் போய்விடும் என்றார். பண்டூரா 1977இல் எழுதிய தன்னாற்றல் நம்பிக்கை பற்றிய கருத்தை இதோடு இணைத்ததும் நயமாக இருந்தது. தன்னால் இயலும் என்ற நம்பிக்கை பிறர் ஊட்டும் உற்சாகச் சொற்களைவிட, தானே செய்து முடித்த அனுபவத்திலிருந்துதான் வலுவாகப் பிறக்கிறது.

மூச்சுப் பயிற்சிக்கும், எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த தசை தளர்த்தும் பயிற்சிக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கினார்கள். உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீட்டினால் இதயத்துடிப்பு தணிகிறது என்பதை ஒவ்வொருவரும் தம் மணிக்கட்டு நாடியைப் பிடித்தே உணர்ந்தோம். தேர்வுப் பதற்றம் பற்றிப் பேசியபோதுதான் ஒரு சறுக்கல். பதற்றம் மிகக் குறைந்தாலும் மிக அதிகரித்தாலும் மதிப்பெண் குறையும், நடுத்தரமாக இருந்தால் நன்று என்ற வளைகோட்டை யெர்க்ஸ், டாட்சன் கண்ட விதி என்று பொதுவாகச் சொல்லிவிட்டார்கள். 1908இல் அவர்கள் ஆராய்ந்தது சுண்டெலிகளை. மின் அதிர்ச்சி தந்து, வெளிச்சத்தால் வேறுபட்ட பெட்டிகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்கப் பழக்கினார்கள். வேறுபாடு எளிதாகத் தெரிந்தபோது அதிர்ச்சி கூடக்கூடக் கற்றலும் விரைந்தது. வேறுபாடு நுட்பமாக இருந்தபோதுதான் நடுத்தர அதிர்ச்சி சிறந்ததாக இருந்தது. அதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் பொதுத்தேர்வுக்கு அப்படியே பொருத்துவது பிற்காலத்தார் செய்த நீட்சி. ‘கொஞ்சம் பயம் இருந்தால்தான் படிப்பான்’ என்று நினைக்கும் பெற்றோர்கள் நிறைந்த அறையில் இதைக் கூடுதல் எச்சரிக்கையோடு சொல்லியிருக்க வேண்டும்.

ஐந்தாம் வாரத்தில் ஒரு தந்தை கேட்ட கேள்வி வகுப்பையே நிமிர்ந்து உட்கார வைத்தது. கோத்தகிரிப் பக்கத்துக் கிராமங்களில் கரடி வருவதும், சாலையில் காட்டுமாடு நிற்பதும் அன்றாடச் செய்தி. அதற்குப் பயப்படும் தம் மகளையும் சிறிது சிறிதாக இருட்டில் அனுப்பிப் பழக்க வேண்டுமா என்று கேட்டார். கூடவே கூடாது என்று அம்மையார் உடனே மறுத்தார். ரிச்சர்டு லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984இல் விரித்துரைத்த கொள்கையை விளக்க அவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைத்திருக்காது. ஒரு நிகழ்வை எதிர்கொள்ளும்போது, இதனால் எனக்கு ஆபத்து உண்டா என்று முதலிலும், என்னால் என்ன செய்ய முடியும் என்று அடுத்தும் மனம் மதிப்பிடுகிறது. ஆபத்து உண்மையானது, செய்யக்கூடியதும் இருக்கிறது என்றால் சிக்கலையே எதிர்கொள்ள வேண்டும்: டார்ச் விளக்கு, தனியே போகாமல் கூட்டாகப் போவது, வீட்டருகே குப்பையையும் உணவுக்கழிவையும் போட்டுவைக்காமல் இருப்பது, தெருவிளக்குக்கு ஊராட்சியில் மனுக் கொடுப்பது. நம் கையில் இல்லாத ஒன்றென்றால், உணர்ச்சியை ஆற்றிக்கொள்ளும் வழிகளை நாட வேண்டும்: தேர்வு எழுதி முடித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கு அதுவே பொருந்தும். எலுமிச்சம்பழப் பெண்ணின் பயத்தையும் இந்தச் சிறுமியின் பயத்தையும் ஒரே தராசில் நிறுக்காமல் பிரித்துக் காட்டியது இந்த வகுப்பின் உச்சம் என்று சொல்வேன்.

எல்லிஸும் பெக்கும் வகுத்த சிந்தனை மாற்றுச் சிகிச்சை முறைகள் கடைசி முக்கால் மணி நேரத்தில் அவசரமாக வந்தன. நிகழ்வு நேரடியாக உணர்ச்சியை உண்டாக்குவதில்லை, இடையில் நம் நம்பிக்கை நிற்கிறது என்ற எல்லிஸின் கருத்தைச் சொன்னார்கள். அதைத் தாளில் எழுதிப் பழக நேரமில்லை. ஆளுமை வாரத்தின் வினாத்தாளுக்குப் போன நேரத்தை இங்கே தந்திருக்க வேண்டும்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதை நாங்கள் கேட்ட பிறகே சொன்னதும் சரியல்ல. தூக்கம், உணவு, வேலை, பள்ளி ஆகியவை வாரக்கணக்கில் பாதிக்கப்பட்டிருந்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தாலோ வகுப்பும் ஏணியும் போதா. அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, 2022 அக்டோபர் முதல் கட்டணமின்றி இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவரைக் காணவும் வழியுண்டு. இவற்றை முதல் நாளிலேயே பலகையின் மூலையில் எழுதி, ஐந்து வாரமும் அழிக்காமல் விட்டிருக்கலாம்.

வகுப்போடு தரும் கையேடு 60 பக்கம். கற்றல் பகுதி செறிவானது, ஆளுமைப் பகுதி நிறங்களின் விளக்கம் மட்டுமே. மாடியறை குளிரானது, பத்து மணிக்கும் வெயில் எட்டுவதில்லை. ஸ்வெட்டர் இல்லாமல் போக வேண்டாம். இடைவேளையில் தரும் தேநீர் நன்றாக இருக்கிறது. கோத்தகிரியிலிருந்தும் உதகையிலிருந்தும் வருபவர்கள் தாமதமாக வந்தாலும் முதல் பத்து நிமிடங்களில் முந்தைய பாடத்தைத் திருப்பிச் சொல்வதால் இழப்பில்லை.

ஆசிரியர்கள், குறிப்பாகத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், 1,500 ரூபாயைத் தயங்காமல் கொடுக்கலாம். தகுதித்தேர்வுக்கு மதிப்பெண் தேடி வருபவர்களுக்கு இது பயன்படாது. பியாஜே இல்லாத பாடத்திட்டம் அவர்களைக் கைவிட்டுவிடும். தீவிரமான பதற்றத்தில் இருப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் போய்விட்டு, அவர் சொன்னால் சேரலாம். சேருபவர்கள் அனைவரும் மூன்றாம் வாரத்தில் தமக்குக் கிடைக்கும் நிறத்தை வீட்டில் யாரிடமும், முக்கியமாகப் பிள்ளைகளிடம், சொல்லாமல் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த வாரத்தையும் அம்மையாரிடமே ஒப்படைத்து, வினாத்தாளுக்குப் பதிலாக ஐந்து பண்புகளையும் ஃபோரரின் சோதனையையும் வைக்குமாறு நடத்துபவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வகுப்பு பள்ளிகளின் கோடை விடுமுறைக்குப் பிறகு, ஜூன் மாதம் தொடங்குகிறது.